ஸ்பைஸ் மாடல்களுக்கு நமக்கென்று ஒரு பொதுத் தொகுப்பு: என்ன விதி வைக்கலாம்?

நுண்சுற்று

வணக்கம் நண்பர்களே. புதியவர்களுக்கு: ஸ்பைஸ் என்பது சர்க்யூட்டைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் நிரல். ஒரு பாகம் எப்படி நடந்துகொள்ளும் என்று அதற்குச் சொல்லும் ஃபைல்தான் மாடல். "இந்த ஐசிக்கு ஸ்பைஸ் மாடல் யாரிடமாவது இருக்கிறதா?" என்ற கேள்வி இங்கே ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. யாராவது ஒரு ஃபைலை இணைக்கிறார்கள். கேட்டவருக்கு ஓடினால் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். ஓடாவிட்டால் சத்தமே இல்லை. அந்த மாடல் சரியா தவறா என்பது கடைசிவரை யாருக்கும் தெரிவதில்லை. பிறகு வேறொருவர் அதே ஃபைலைத் தேடி எடுத்து இன்னொருவருக்கு அனுப்புகிறார்.

ஒரு கிட் களஞ்சியம் (திருத்த வரலாற்றோடு ஃபைல்களைப் பகிரும் இடம்) தொடங்கி, நாம் பயன்படுத்தும் மாடல்களை அங்கே சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். நம்மில் எல்டிஸ்பைஸ்காரர்களும் உண்டு, சர்க்யூட் வரையும் மென்பொருளான கிகேடுக்குள் என்ஜிஸ்பைஸ் ஓட்டுகிறவர்களும் உண்டு. இரண்டுமே ஸ்பைஸின் வகைகள்தான். இரண்டு தரப்புக்கும் பயன்பட வேண்டும்.

நான் யோசித்து வைத்திருப்பது ஒரே ஒரு விதிதான். மாடல் தனியாக வரக்கூடாது. அதைச் சோதித்த சின்ன சர்க்யூட் ஒன்று கூடவே வரவேண்டும். டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரத்தாள்) எதோடு ஒப்பிட்டோம், எது பொருந்தியது, எது பொருந்தவில்லை என்று நாலு வரியும் வேண்டும். சரிப்படுமா?

ஓம்விதி

எனக்கு இது சரிப்படும் என்று தோன்றவில்லை. ஃபைல் கொடுப்பதே பெரிய விஷயம், அதற்கு மேல் வீட்டுப்பாடமும் எழுதச் சொன்னால் யார் கொடுப்பார்கள்? இணையத்தில் ஆயிரக்கணக்கான மாடல்களை ஒரே ஜிப்பாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். இறக்கினோமா, வேண்டியதை எடுத்தோமா என்று போகலாம். தொகுப்பு பெரிதாக இருந்தால்தான் ஜனங்கள் வருவார்கள். விதி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃப்ளக்ஸ் வாசம்

ஓம்விதி ப்ரோ, ஜிப் ஃபைலை விடுங்கள். எல்லார் கணினியிலும் இருக்கும் ஒரு மாடலையே எடுத்துக்கொள்வோம். எல்டிஸ்பைஸோடு பல காலமாக வரும் 1என்4148 டயோடு. மாடல் வரியைத் திறந்து பாருங்கள்: ஐஎஸ் 2.52 நேனோ, ஆர்எஸ் 0.568, என் 1.752, சிஜேஓ 4 பிக்கோ, எம் 0.4, டிடி 20 நேனோ. கடைசியில் 'விபிகே 75' என்று ஒன்று இருக்கும். பார்த்ததும் 75 வோல்ட்டுக்கு மேல் போனால் டயோடு உடையும் என்றுதானே நினைப்போம்? அந்த எண் டயோடைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் காட்டுவதற்காக மட்டும் இருக்கிறது, கணக்கில் சேராது. ரிவர்ஸில் உடைவதைக் கணக்கிட 'பிவி' என்ற அளவு வேண்டும். அது அந்த வரியில் கிடையாது. கொடுக்காவிட்டால் ஸ்பைஸ் அதை முடிவிலி என்று வைத்துக்கொள்ளும்.

அதனால் அந்த டயோடுக்கு ரிவர்ஸில் 500 வோல்ட் கொடுத்தாலும் சிமுலேஷனில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ரிலே காயிலில் ஸ்பைக் எவ்வளவு வரும், டயோடு தாங்குமா என்று பார்க்கிற ஆளுக்கு இந்த மாடல் "தாங்கும்" என்றே பதில் சொல்லும். சிக்னல் டயோடாக மட்டும் பயன்படுத்துகிறவருக்கு இதே மாடல் அருமையானது. இரண்டு பேருக்கும் ஒரே ஃபைல்தான் போகிறது. 'பிவி இல்லை' என்ற ஒரு வரி கூடப் போகவில்லை என்றால் எப்படி?

மின்னணு மாணவி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும் அண்ணா. எனக்கு ஒரு பிரச்சினை, தொடர்புடையதுதான் என்று நினைக்கிறேன். 741 என்ற ஆப்-ஆம்புக்கு (சிக்னலைப் பெருக்கும் ஐசி) தயாரிப்பாளர் தளத்திலிருந்தே மாடல் எடுத்தேன். சிம்பல் நானே வரைந்தேன். இன்வர்ட்டிங் ஆம்ப்ளிஃபயர், இன்புட்டில் 100கே, ஃபீட்பேக்கில் 1எம், கெயின் 10 வரவேண்டும். அவுட்புட் பூஜ்ஜியத்தில் நேர்கோடு. எரர் எதுவும் இல்லை. மாடல் கெட்டதா?

சிலிக்கான் தூசி

மாடலுக்கு முன்னால் மின்தடையைப் பாருங்கள். ஸ்பைஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. 'எம்' எப்படி எழுதினாலும் மில்லிதான். உங்கள் ஃபீட்பேக் மின்தடை இப்போது 1 மில்லிஓம். மெகாவுக்கு 'மெக்' என்று மூன்று எழுத்தும் போடவேண்டும். இதே குடும்பத்தில் இன்னொன்று: கெப்பாசிட்டருக்கு '1எஃப்' என்று எழுதினால் 1 ஃபாரட் வராது, 1 ஃபெம்டோஃபாரட் வரும். சூப்பர் கெப்பாசிட்டர் போட்டு சார்ஜே நிற்கவில்லை என்று கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். துளையட்டையில் ஃபோர்ட்ரான் அடித்த காலத்துப் பழக்கம், இன்றுவரை கூடவே வருகிறது.

மின்னணு மாணவி

நன்றி அண்ணா, பூஜ்ஜியம் போய்விட்டது. ஆனால் இப்போது அவுட்புட் 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இன்புட்டை மாற்றினாலும் அசையவில்லை. சப்ளை பிளஸ் மைனஸ் 15.

ஃப்ளக்ஸ் வாசம்

சிம்பலில் பின் வரிசை என்ன கொடுத்தீர்கள்? ஐசியின் காலைப் பார்த்துக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 8 கால் 741இல் 2 இன்வர்ட்டிங், 3 நான்-இன்வர்ட்டிங், 4 மைனஸ் சப்ளை, 6 அவுட்புட், 7 பிளஸ் சப்ளை. மாடல் ஃபைலுக்கு அந்த எண்களோடு சம்பந்தமே இல்லை. மாடலைத் தொடங்கும் சப்-சர்க்யூட் வரியில் முனைகள் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றனவோ, அந்த வரிசை மட்டும்தான் கணக்கு. தயாரிப்பாளர்களின் ஆப்-ஆம்ப் மாடல்களில் பெரும்பாலும் முதலில் நான்-இன்வர்ட்டிங், அடுத்து இன்வர்ட்டிங், பிறகு பிளஸ் சப்ளை, மைனஸ் சப்ளை, கடைசியில் அவுட்புட். 2, 3 என்ற கால் வரிசையில் முதல் இரண்டையும் கொடுத்தால் இன்புட் இரண்டும் தலைகீழாகும். நெகட்டிவ் ஃபீட்பேக் பாசிட்டிவ் ஆகிவிடும், அவுட்புட் ரெயிலில், அதாவது சப்ளை வோல்ட்டேஜின் எல்லையில், போய் ஒட்டும்.

ஃபைலின் மேலே நட்சத்திரக் குறி போட்ட வரிகளில் பெரும்பாலும் வரிசையை எழுதியிருப்பார்கள். முதலில் அதைப் படியுங்கள்.

ஓம்விதி ப்ரோ, இதையும் கவனியுங்கள். அந்த மாடலோடு ஒரு சோதனை சர்க்யூட் வந்திருந்தால் மாணவி அதைத் திறந்து ஓட்டியிருப்பார். அது ஓடி, தன்னுடையது ஓடாவிட்டால் கோளாறு எங்கே என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மின்னணு மாணவி

சரியாகிவிட்டது! கெயின் 10 வருகிறது. சப்ளை கரண்டையும் அளந்து ரிப்போர்ட்டில் போடப் போகிறேன்.

சிலிக்கான் தூசி

அவசரப்படாதீர்கள். 741 மாடல் என்று கிடைப்பவற்றில் பல, 1974இல் பாயில், கோன், பெடர்சன், சாலமன் ஆகிய நால்வரும் வெளியிட்ட மேக்ரோமாடலின் (சுருக்கிய மாடலின்) வழியில் வந்தவை. அசல் ஐசிக்குள் இருபதுக்கு மேல் டிரான்சிஸ்டர்கள் உண்டு. அன்றைய கணினியில் நாலைந்து ஆப்-ஆம்ப் உள்ள சர்க்யூட்டை அப்படியே ஓட்டினால் நேரமும் காசும் கரையும். அதனால் இன்புட்டில் மட்டும் இரண்டு டிரான்சிஸ்டர்களை வைத்துக்கொண்டு, மீதியைக் கட்டுப்பாட்டு சோர்ஸ்களும் சில டயோடுகளுமாகச் சுருக்கினார்கள். கெயின், அலைவரிசை, ஸ்லூ ரேட் (அவுட்புட் மாறும் உச்ச வேகம்), அவுட்புட் எல்லை எல்லாம் நன்றாக வரும்.

ஆனால் அந்த அமைப்பில் லோடுக்குப் போகும் கரண்ட் சப்ளை பின்னிலிருந்து வருவதில்லை, உள்ளே இருக்கும் சோர்ஸ் வழியாகக் கிரவுண்டிலிருந்து வருகிறது. லோடை 10கே-யிலிருந்து 2கே ஆக்கிப் பாருங்கள், சப்ளை கரண்ட் ஏறவேண்டிய அளவுக்கு ஏறாது. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், சப்ளையை நிலையாக வைக்கும் டீகப்ளிங் கெப்பாசிட்டர் போதுமா என்பதெல்லாம் இந்த வகை மாடலிடம் கேட்கக்கூடாத கேள்விகள்.

பழைய கதை ஒன்றும் சொல்லிவிடுகிறேன், தலைப்புக்குப் பொருந்தும். 1973இல் பெர்க்லியில் லாரன்ஸ் நாகெலும் டொனால்ட் பெடர்சனும் ஸ்பைஸை வெளியிட்டபோது அதைப் பூட்டி வைக்கவில்லை. கேட்டவர்களுக்கு மூல நிரலோடு கொடுத்தார்கள். கம்பெனிக்காரர்கள் எடுத்துப் போனார்கள், கோளாறுகளையும் திருத்தங்களையும் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள். திரும்பி வரும் இந்தப் பாதைதான் நம் தொகுப்புக்கும் வேண்டும். ஜிப்பில் அது கிடையாது. யார் தொகுத்தார், தவறு என்றால் யாரிடம் சொல்வது?

பழைய வால்வு

பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து அனுபவத்தையும் சொல்கிறேன்.

வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் கட்டுகிற எங்களுக்குத் தயாரிப்பாளர் மாடல் என்ற ஒன்றே கிடையாது. ஸ்பைஸ் பரவுவதற்குள் பெரும்பாலான வால்வுத் தொழிற்சாலைகள் மூடிவிட்டன. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகளை இன்றும் வைத்திருக்கிறேன். அதற்கெல்லாம் யார் மாடல் எழுதப் போகிறார்கள்? எல்லாமே ஆர்வலர்கள் எழுதியதுதான். 1996இல் நார்மன் கோரன் ஒரு நல்ல சமன்பாட்டை வெளியிட்டார். டிரையோடு என்ற மூன்று முனை வால்வுக்கு ஐந்தே எண்கள். 12ஏஎக்ஸ்7 என்ற டிரையோடுக்கு அவர் கொடுத்தவை: மியூ 100, ஈஎக்ஸ் 1.4, கேஜி1 1060, கேபி 600, கேவிபி 300. டேட்டாஷீட்டின் வளைவுகளோடு ஒப்பிட்டால் அழகாகப் பொருந்தும்.

அதன் பிறகு என்ன ஆயிற்று? ஆளாளுக்குத் தங்கள் வால்வை அளந்து எண்களை மாற்றினார்கள். இன்று 12ஏஎக்ஸ்7 என்று தேடினால் பல விதமான எண்கள் கிடைக்கும். எந்தக் கம்பெனி வால்வு, புதியதா தேய்ந்ததா, பிளேட் வோல்ட்டேஜ் எதிலிருந்து எதுவரை அளந்தார்கள் என்று பலவற்றில் ஒரு வரிகூட இருக்காது. உழைத்த மனிதரின் உழைப்பு பாதி வீண்.

இன்னொன்று, கிரிட் (வால்வைக் கட்டுப்படுத்தும் முனை) பாசிட்டிவ் ஆகும்போது பாயும் கரண்டு. கோரனுடைய அக்கறை அதில் அதிகம் இல்லை, தோராயமாகத்தான் வைத்தார். ஹைஃபை ஆட்களுக்கு அது போதும். கிட்டார் ஆம்ப்ளிஃபயரை வேண்டுமென்றே ஓவர்டிரைவ் செய்கிறவருக்கு அந்தப் பகுதியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அவர் அதே மாடலை எடுத்து ஓட்டிவிட்டு "சிமுலேஷனில் சத்தம் வேறு மாதிரி இருக்கிறதே" என்கிறார்.

ஆகவே தம்பி நுண்சுற்று, உங்கள் நாலு வரியில் 'எந்த எல்லைக்குள் ஒப்பிட்டோம்' என்ற எண்ணையும் கட்டாயமாக்குங்கள். பொருந்தியது என்று மட்டும் எழுதினால் போதாது.

ஓம்விதி

ஐயா சொன்னபிறகு எதிர்த்துப் பேச முடியவில்லை. டயோடு விஷயமும் யோசிக்க வைக்கிறது. சரி, சோதனை சர்க்யூட் இருக்கட்டும். ஆனால் அது எல்டிஸ்பைஸில் வரைந்தது என்றால் கிகேட் ஆட்கள் என்ன செய்வார்கள்? எனக்கே போன வாரம் ஒருவர் கொடுத்த பக் கன்வெர்ட்டர் (டிசி வோல்ட்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்) அவரிடம் ஓடியது, என்னிடம் ஓடவில்லை. நான் என்ஜிஸ்பைஸ்.

சிலிக்கான் தூசி

பக் கன்வெர்ட்டர் என்றால் முதலில் இண்டக்டரை (கம்பிச் சுருளை) சந்தேகப்படுங்கள். எல்டிஸ்பைஸ், வேறொரு சுருளோடு இணைக்காத இண்டக்டருக்கு நாம் கேட்காமலேயே 1 மில்லிஓம் தொடர் மின்தடை சேர்த்துக்கொள்கிறது. வசதிதான், ஆனால் திரையில் எங்கும் தெரியாது. வேறு சிமுலேட்டரில் அதே இண்டக்டர் முழு ஐடியல். வோல்ட்டேஜ் சோர்ஸின் குறுக்கே நேராக வந்தால் டிசி கணக்கு அங்கேயே நின்றுவிடும். தொகுப்பில் வைக்கும் சர்க்யூட்களில் தொடர் மின்தடையைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதிவிடுவது நல்லது.

அடுத்தது பவர் மாஸ்ஃபெட், அதிக கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர். எல்டிஸ்பைஸுக்கென்று 'விடிமாஸ்' என்ற தனி வகை உண்டு, கேட்-டிரெயின் கெப்பாசிட்டன்ஸ் வோல்ட்டேஜோடு மாறுவதைப் பிடிப்பதற்காக. என்ஜிஸ்பைஸின் இப்போதைய பதிப்புகள் அதைப் புரிந்துகொள்ளும், பழையவை புரிந்துகொள்ளாது. எல்டிஸ்பைஸ், பிஸ்பைஸ் (இன்னொரு ஸ்பைஸ் வகை) எழுத்துமுறைகளைப் படிக்க என்ஜிஸ்பைஸில் இணக்க நிலை ஒன்று இருக்கிறது. தொடக்க அமைப்பு ஃபைலில் அதைப் போடாமல் "மாடல் ஓடவில்லை" என்று எழுதுகிறவர்கள் நிறைய.

பூட்டிய மாடல்கள் கதை வேறு. பிஸ்பைஸுக்காகக் குறியாக்கம் செய்ததை எல்டிஸ்பைஸோ என்ஜிஸ்பைஸோ திறக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத ஒன்றை யார் எப்படித் திருத்துவது? என்னைக் கேட்டால் தொகுப்பில் அவை வேண்டாம்.

எல்லாரும் பூட்டித்தான் வைப்பார்கள் என்றும் இல்லை. சிப் தயாரிக்கும் ஃபவுண்ட்ரிகளின் டிரான்சிஸ்டர் மாடல்களைப் பார்க்கவே ரகசிய ஒப்பந்தம் போட வேண்டிய உலகத்தில், 2020இல் ஸ்கைவாட்டர் என்ற ஃபவுண்ட்ரியும் கூகுளும் சேர்ந்து 130 நானோமீட்டர் சிப் வடிவமைப்புத் தொகுப்பை அப்பாச்சி என்ற திறந்த உரிமத்தில் வெளியிட்டன. மாணவர்கள் என்ஜிஸ்பைஸிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். பிரச்சினைகளைப் பொதுவில் எழுதினார்கள். துறைக்குள் இருக்கிற எனக்கு அப்போது நம்பவே முடியவில்லை.

நுண்சுற்று

உரிமம் பற்றியும் பேசிவிடலாம். தயாரிப்பாளர் ஃபைல்களின் மேலே ஒரு நீளமான அறிவிப்பு இருக்கும். 'உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் இல்லை' என்பது பெரும்பாலானவற்றில் உண்டு. சிலவற்றில் மறுபடி விநியோகிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அதனால் தயாரிப்பாளர் மாடலை நாம் வைத்துக்கொள்ள வேண்டாம். தளத்தின் முகவரி, பதிப்பு எண், இறக்கிய தேதி, இவற்றோடு நம்முடைய சிம்பல், சோதனை சர்க்யூட், குறிப்பு. அவ்வளவுதான் களஞ்சியத்தில் இருக்கும். நாமே டேட்டாஷீட்டிலிருந்து பொருத்திய மாடல்கள் மட்டும் முழுதாக இருக்கும்.

யாரோ ஒருவர் தயாரிப்பாளர் ஃபைலில் இரண்டு எண்ணை மாற்றி, தலைப்பு அறிவிப்பையும் நீக்கிவிட்டு, தன் மாடல் என்று கொடுப்பதும் நடக்கிறது. அதை ஏற்க வேண்டாம்.

மின்னணு மாணவி

எங்கள் கல்லூரியில் ஈசிம் பயன்படுத்துகிறோம், ஐஐடி பாம்பேயின் ஃபாஸி திட்டம் வெளியிடுவது. உள்ளே என்ஜிஸ்பைஸ்தான், வரைவது கிகேடில். அங்கேயும் மாணவர்கள் செய்த சர்க்யூட்களைச் சரிபார்த்து வெளியிடுகிறார்கள். நம் சோதனை சர்க்யூட்கள் அதிலும் ஓடுமா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

ஒரு சந்தேகம். என்னிடம் சொந்தமாக இருப்பது மல்டிமீட்டர் மட்டும்தான். ஆஸிலோஸ்கோப் லேபில் கிடைக்கும்போதுதான். இதை வைத்துக்கொண்டு மாடலைச் சோதிக்க முடியுமா?

ஃப்ளக்ஸ் வாசம்

தாராளமாக. அதே 1என்4148 மாடலில் 1 மில்லிஆம்பியருக்குக் கணக்குப் போடுங்கள். ஐஎஸ், என், ஆர்எஸ் மூன்றையும் டயோடு சமன்பாட்டில் போட்டால் 27 டிகிரியில் சுமார் 0.585 வோல்ட் வரும். 10 மில்லிஆம்பியருக்குச் சுமார் 0.69. மல்டிமீட்டரின் டயோடு நிலை பல மீட்டர்களில் 1 மில்லிஆம்பியர் அளவில்தான் கரண்ட் விடும். கையிலிருக்கும் டயோடை அளந்தால் 0.58, 0.6 என்று காட்டும். 10 மில்லிஆம்பியருக்கு ஒரு மின்தடையும் பவர் சப்ளையும் போதும். இரண்டு புள்ளி பொருந்தினால் ஃபார்வர்ட் பக்கம் நம்பலாம் என்று எழுதலாம். டிடி, அதாவது ரிவர்ஸ் ரிகவரி பக்கம், சோதிக்கவில்லை என்றும் எழுதிவிடுங்கள்.

741க்கு டேட்டாஷீட்டே போதும். ஃபாலோவராக (கெயின் 1) கட்டி 10 வோல்ட் ஸ்டெப் கொடுங்கள். ஸ்லூ ரேட் மைக்ரோசெகண்டுக்கு 0.5 வோல்ட் என்பதால் ஏறிமுடிக்கச் சுமார் 20 மைக்ரோசெகண்ட் ஆகவேண்டும். 2 மைக்ரோசெகண்டில் ஏறிவிட்டால் அது 741 மாடலே இல்லை, பெயர் மட்டும்தான் 741.

ஓம்விதி

நானும் ஒன்று தருகிறேன். இன்வெர்ட்டர் வேலைக்காக ஐஆர்எஃப்இசட்44என் என்ற மாஸ்ஃபெட்டின் மாடலை வைத்துச் செய்த சர்க்யூட் இருக்கிறது. சோதனையில் 20 ஆம்பியர் விட்டேன், பிரமாதமாக ஓடுகிறது.

ஃப்ளக்ஸ் வாசம்

நல்லது, கண்டிப்பாகப் போடுங்கள். குறிப்பில் வெப்பநிலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்பைஸ் மாடலில் மாஸ்ஃபெட் சூடாகாது. எவ்வளவு வாட் வீணானாலும் நாம் கொடுத்த வெப்பநிலையிலேயே இருக்கும், எதுவும் கொடுக்காவிட்டால் 27 டிகிரி. டேட்டாஷீட்டில் ஆர்டிஎஸ்-ஆன் (மாஸ்ஃபெட் கடத்தும்போது உள்ள மின்தடை) அதிகபட்சம் 17.5 மில்லிஓம், அது 25 டிகிரிக்கு. 20 ஆம்பியரில் 7 வாட். ஜங்ஷன் 150 டிகிரி பக்கம் போனால் ஆர்டிஎஸ்-ஆன் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், 14 வாட்டை நெருங்கும், அது இன்னும் சூடேற்றும். ஹீட்சிங்க் தேர்ந்தெடுக்க 7 வாட் கணக்கை நம்பினால் பெஞ்சில் புகைதான். வெப்பநிலையை 25, 75, 125 என்று மாற்றி மூன்று முறை ஓட்டி, மாடலில் ஆர்டிஎஸ்-ஆன் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாத மாடல்களும் உண்டு.

ஓம்விதி

ஓட்டினேன். ஏறுகிறது, ஆனால் டேட்டாஷீட் வளைவை விடக் கம்மி. அப்படியே எழுதிப் போட்டுவிடுகிறேன். தவறான மாடல் என்று தெரிந்தால் நீக்குவது யார்?

பழைய வால்வு

நீக்காதீர்கள் தம்பி. அதை வைத்து யாராவது ஒரு சர்க்யூட் செய்து வைத்திருப்பார், மறுபடி ஓட்டும்போது வேறு விடை வந்தால் குழம்பிப் போவார். பழையதைப் பழைய பெயரிலேயே விட்டுவிட்டு, திருத்தியதற்கு அடுத்த எண் கொடுங்கள். பழையதன் தலையில் 'இதற்குப் பதில் அடுத்த எண்ணைப் பாருங்கள்' என்று எழுதினால் போதும்.

மின்னணு மாணவி

அண்ணா, லேபில் எல்எம்358 ஆப்-ஆம்ப் வைத்து சைன் அலை பெருக்கிப் பார்த்தேன். பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்தில் சின்னதாக ஒரு படி விழுகிறது. சிமுலேஷனில் அலை சுத்தமாக இருக்கிறது. வயரிங்கை இரண்டு முறை பிரித்துக் கட்டிவிட்டேன், படி போகவில்லை.

ஃப்ளக்ஸ் வாசம்

வயரிங்கை விட்டுவிடுங்கள், போர்டு சரியாகத்தான் வேலை செய்கிறது. எல்எம்358இன் அவுட்புட் நிலையில் கரண்ட் கொடுக்கும் டிரான்சிஸ்டரிலிருந்து இழுக்கும் டிரான்சிஸ்டருக்கு மாறும்போது ஒரு இடைவெளி உண்டு. கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன். பல மேக்ரோமாடல்களில் அது வைக்கப்படவில்லை. அவுட்புட்டிலிருந்து மைனஸ் சப்ளைக்கு ஒரு மின்தடை போடுங்கள், லோடைப் பொறுத்துச் சில கிலோஓம். ஒரே டிரான்சிஸ்டர் எப்போதும் கடத்திக்கொண்டிருக்கும், படி மறையும்.

மின்தடை இல்லாமல் ஒன்று, போட்டு ஒன்று என இரண்டு ஆஸிலோஸ்கோப் படங்களையும் எல்எம்358 ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள். அதிர்வெண்ணையும் லோடையும் ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள்.